ஐந்தடுக்கா, நோவாவா, நோவா-எம்பியா? குமரி மாவட்டத்துக்கு வானிலை மாதிரி ஓட்டுவோர் நிலத்திட்டம் தேர்வது எப்படி

குமரி மாவட்டத்துக்கென்று டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியை (வானிலையைக் கணக்கிட்டு முன்கணிக்கும் கணினி நிரல்) வீட்டுக் கணினியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ ஓட்டத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு வரியில் வந்து நிற்பார்கள். நேம்லிஸ்ட் எனும் அமைப்புக் கோப்பில் நில மேற்பரப்புத் திட்டத்துக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். 1 ஐந்தடுக்கு, 2 நோவா, 4 நோவா-எம்பி. எதைப் போடுவது? இன்னொரு சாரார் அதற்கும் முந்தைய படியில் நிற்கிறார்கள். உலக மாதிரிகளே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது சொந்தமாக ஓட்டத்தான் வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. இரண்டையும் சேர்த்தே இங்கே எடைபோடலாம்.

நிலத்திட்டம் செய்கிற வேலை ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. வெயிலாக வந்த ஆற்றலைக் காற்றைச் சூடாக்க எவ்வளவு, நீரை ஆவியாக்க எவ்வளவு, மண்ணுக்குள் இறங்க எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறது. ஒரு நாளில் 1 மி.மீ. நீர் ஆவியாவதற்குச் சதுர மீட்டருக்குச் சராசரியாக 28 வாட் வேண்டும். மண் நனைந்திருந்து 5 மி.மீ. ஆவியானால் 140 வாட் அதற்கே போய்விடும். மண் காய்ந்திருந்தால் அந்த 140 வாட்டும் காற்றைச் சூடாக்கும், எல்லைப்படலத்தை (தரையை ஒட்டிக் கலங்கும் காற்றடுக்கு) உயர்த்தும், கடற்காற்றைச் சீக்கிரம் உள்ளே இழுக்கும். ஏப்ரலில் பேச்சிப்பாறைப் பக்கம் பிற்பகல் இடிமழை இரண்டு மணிக்கா ஐந்து மணிக்கா, அணைக்கு மேலா குலசேகரத்திலா என்பதில் இந்தப் பங்கீட்டுக்குப் பெரிய கை உண்டு.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் போதும்.

1. நேற்று மழை பெய்ததா என்பது திட்டத்துக்குத் தெரியுமா?
2. இந்த மாதம் எந்தச் செடியில் இலை இருக்கிறது என்பது தெரியுமா?
3. கடலோரக் கட்டத்தையும் மலையடிவாரக் கட்டத்தையும் (கட்டம் என்பது மாதிரி நிலத்தைப் பிரிக்கும் சதுரம்) பிரித்துப் பார்க்கிறதா?
4. ஓட்டுவதற்கு முன் எவ்வளவு தரவு, எத்தனை நாள் ஆயத்த வேலை?
5. தப்பு வந்தால் எங்கே வந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியுமா?

ஐந்தாவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தெரிவுகள் கூடக்கூடப் பிழை ஒளிய இடமும் கூடும்.

| | ஆயத்த உலக மாதிரி | ஐந்தடுக்கு | நோவா | நோவா-எம்பி |
|---|---|---|---|---|
| மண் அடுக்கு | மாதிரிக்கு மாதிரி மாறும் | 5 (மொத்தம் 31 செ.மீ.) | 4 (மொத்தம் 2 மீ.) | 4 (மொத்தம் 2 மீ.) |
| மண் ஈரம் | மாறும் | அட்டவணையில் நிலையானது | மாறும் | மாறும், நிலத்தடி நீரும் சேர்க்கலாம் |
| இலைப்பரப்பு | மாதிரியைப் பொறுத்து | இல்லை | மாதாந்திரப் பசுமையை ஒட்டி | இயல்பாக அட்டவணை, மாற்றலாம் |
| ஆயத்த வேலை | இல்லை | மிகக் குறைவு | மிதம் | அதிகம் |
| பிழை தேடுதல் | கையில் இல்லை | எளிது | எளிது | கடினம் |

## ஆயத்த உலக மாதிரி

ஜி.எஃப்.எஸ். என்ற அமெரிக்க உலக மாதிரியின் இலவசக் கோப்புகள் கால் பாகைக் கட்டத்தில் வருகின்றன. நம் அட்சரேகையில் ஒரு கட்டம் ஏறத்தாழ 765 சதுர கி.மீ. மாவட்டத்தின் பரப்பே ஏறத்தாழ 1,680 சதுர கி.மீ.தான். ஆக முழு மாவட்டத்துக்கும் இரண்டே கால் கட்டம். அதற்குள் மணக்குடிக் காயல், நாஞ்சில் நாட்டு வயல், கீரிப்பாறைக் காடு எல்லாம் ஒரே சட்டியில் வெந்த கூட்டு. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பின் கட்டம் 6 கி.மீ. அது மாவட்டத்துக்கு நாற்பத்தைந்து கட்டத்துக்கு மேல் தருகிறது. கட்டம் சிறுத்திருக்கிறது, ஆனால் நிலத்தை நீங்கள் திருத்த முடியாது.

கைப்பேசிச் செயலியை நம்புகிறவர்களுக்கு ஒரு சோதனை. கன்னியாகுமரி நகரத்தைத் தட்டிப் பாருங்கள். பகலுக்கும் இரவுக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம் காட்டினால் அந்தக் கட்டத்தை மாதிரி கடலாக எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். தக்கலைக்கோ பூதப்பாண்டிக்கோ இடத்தை மாற்றினால் நிலத்துக்குரிய ஏற்ற இறக்கம் வரும்.

இது போதுமான சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. வங்கக்கடலில் தாழ்வு உருவாகுமா, கச்சான் எனும் மேற்குக் காற்று எந்த வாரம் பலக்கும், அடுத்த பத்து நாளில் மழைக்காலம் ஓயுமா என்ற கேள்விகளுக்கு உள்ளூர் நிலத்தின் பங்கு சிறியது. அதற்குச் சொந்த மாதிரி ஓட்டுவது மின்கட்டணத்துக்குக் கேடு.

## ஐந்தடுக்குத் திட்டம்

1, 2, 4, 8, 16 செ.மீ. என்று ஐந்து அடுக்கு. வெப்பம் மட்டும் மேலும் கீழும் போய்வரும். ஈரம் நிலவகைக்கும் பருவத்துக்கும் ஏற்ப அட்டவணையில் எழுதியிருப்பதோடு சரி. பாலமோரில் நேற்று 15 செ.மீ. கொட்டியிருந்தாலும் மாதிரியின் மண் மழைக்கு முந்தைய மண்தான்.

இதைவிடச் சங்கடமானது பருவப் பிரிப்பு. அட்டவணைக்குக் கோடை, குளிர் என இரண்டே பருவம். கோடை ஏப்ரல் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடியும். நமக்கு வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் அந்த வாரத்தில் திட்டம் குளிர்கால மண்ணுக்கு மாறிக்கொள்ளும். அமெரிக்க மத்திய சமவெளிக்கு அது பொருந்தலாம். இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டத்துக்குப் பொருந்தாது.

ஆனாலும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கட்ட அமைப்பு சரியாக இருக்கிறதா, எல்லைத் தரவு (உலக மாதிரியிலிருந்து ஓரங்களுக்கு எடுப்பது) ஒழுங்காக இறங்கியதா என்று சோதிக்கும் முதல் ஓட்டத்துக்கு இதுவே வேகமானது. 2017 நவம்பர் 30-ல் வந்த ஒக்கி மாதிரியான புயலில் கடல்மேல் காற்றுதான் கேள்வி என்றால், தடத்தையும் வலுவையும் தீர்மானிப்பது கடலும் மேல்வளிமண்டலமும். அங்கே மண் ஈரம் சரியாக இருந்து பெரிதாக எதையும் மாற்றப்போவதில்லை.

## நோவா

10, 30, 60, 100 செ.மீ. தடிமனில் நான்கு அடுக்கு. இதன் பெரிய வசதி, ஜி.எஃப்.எஸ். தரும் மண் அடுக்குகளும் இதே ஆழங்கள். ஈரத்தை அடுக்கு மாற்றிப் பிரிக்கிற வேலை இல்லை. ஈ.ஆர்.ஏ.5 என்ற ஐரோப்பிய மறுபகுப்பாய்வுத் தரவிலிருந்து தொடங்கினால் அதன் அடுக்குகள் 7, 28, 100, 289 செ.மீ. ஆழங்களில் முடிகின்றன, அதனால் இடைக்கணிப்பு நடக்கும். அதைவிட முக்கியமான ஒன்று: இரு மாதிரிகளின் மண்வகையும் வாடுநிலையும் (செடி வாடத் தொடங்கும் ஈர அளவு) வேறு. 0.15 என்ற ஈரம் மணலில் செடிக்குத் தாராளம், களிமண்ணில் வாடுநிலைக்குப் பக்கம். எண்ணை அப்படியே தூக்கி வைத்தால் பொருள் மாறிவிடும்.

நோவாவில் உண்மையான வேலை நிலப்படத்தில் இருக்கிறது. நம்மூரில் நிலத்தைக் கேட்டால் ஏலா (வயல்), விளை (தோப்பு), மலை என்று மூன்றே சொல்லில் முடிப்பார்கள். மாதிரியோடு இயல்பாக வரும், மோடிஸ் செயற்கைக்கோள் கருவியிலிருந்து எடுத்த நிலப்படத்தில் 21 வகை. அந்த இருபத்தொன்றில் ரப்பர் இல்லை, தென்னைக்கு நடுவே வீடு என்கிற விளையும் இல்லை. குலசேகரம், திற்பரப்பு, களியல் பகுதிகளில் ரப்பர் சில கட்டங்களில் பசுமைமாறாக் காடாகவும் சில கட்டங்களில் மரப் புல்வெளியாகவும் விழும். குளச்சல் முதல் ராஜாக்கமங்கலம் வரையிலான தென்னந்தோப்புகள் வயல் வகையில் போய்ச் சேர்ந்தால், காற்றுக்கு அங்கே சொரசொரப்பு நீளம் (தரை காற்றைத் தடுக்கும் அளவு) 0.05 முதல் 0.15 மீட்டர்வரைதான். காட்டு வகைக்கு 0.5. பதினைந்து மீட்டர் தென்னையை நெற்பயிராக நினைத்தால் மாதிரியில் கடற்காற்று தடையில்லாமல் உள்ளே ஓடும். கரையோரம் காற்று எப்போதும் மிகையாகவே வருகிறது என்று குறைப்படுகிறவர்கள் முதலில் இங்கே பார்க்கலாம்.

திருத்தும் முறை:

- ஜியோகிரிட் (நிலப்படத்தை உங்கள் கட்டங்களில் பொருத்தும் துணை நிரல்) தரும் கோப்பைத் திறந்து நிலவகையைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். 3 கி.மீ. கட்டத்தில் மாவட்டத்துக்கு 190 கட்டத்துக்குள்தான். ஒரு மாலையில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.
- பைதானில் திருத்தும்போது முதன்மை வகை எண்ணை மட்டும் மாற்றினால் பயனில்லை. தொடக்கக் கோப்பைத் தயாரிக்கும் ரியல் நிரல், ஒரு கட்டத்தில் ஒவ்வொரு வகையும் எத்தனை பங்கு என்ற பங்கீட்டிலிருந்து முதன்மை வகையை மறுபடி கணக்கிட்டு உங்கள் திருத்தத்தை அழித்துவிடும். 21 அடுக்குப் பங்கீட்டையும் கூட்டுத்தொகை 1 வரும்படி மாற்ற வேண்டும்.
- கையால் திருத்த மனமில்லாதவர்களுக்கு இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் இந்தியச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாரித்த நிலப்பயன்பாட்டுத் தரவு இருக்கிறது. அதிலும் ரப்பர் கட்டங்களை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.
- மெட்கிரிட் (உலக மாதிரித் தரவை உங்கள் கட்டங்களுக்கு மாற்றும் துணை நிரல்) கோப்புகளில் கரையோரக் கட்டங்களின் மண் ஈரத்தைப் பாருங்கள். உலக மாதிரி கடல் என்று நினைத்த இடத்தை உங்கள் படம் நிலம் என்கிறது. அங்கே ஈரம் பக்கத்து நிலத்திலிருந்து கடன் வாங்கப்படும், கிடைக்காவிட்டால் 1 என்று நிரப்பப்படும். நிலத்தில் 1 என்ற ஈரம் இருக்கவே முடியாது. முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி முனை மூன்றையும் தவறாமல் பாருங்கள்.
- பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்த்தேக்கங்கள் 3 கி.மீ.யில் ஓரிரு கட்டமாக வரலாம். அவற்றின் நீர் வெப்பநிலைக்கு மாதிரி கடலிலிருந்து எண் எடுத்தால் மலையடிவாரத்தில் அரபிக்கடல் உட்கார்ந்துவிடும். ஏரி வகையைப் பிரித்துக் காட்டும் நிலப்படத்தை எடுத்து, சராசரி மேற்பரப்பு வெப்பநிலையைக் கணக்கிடும் துணை நிரலை மெட்கிரிட்டுக்கு முன் ஓட்டினால் இது தீரும்.

நோவாவின் குறை: இலைக்கும் அடியிலுள்ள மண்ணுக்கும் ஒரே வெப்பநிலை. அடர்ந்த காட்டில் இது உறுத்தும். அடிமட்டத்தில் நீர் வடிந்து போய்விடும், நிலத்தடி நீர் மேலே ஏறி வராது. பாசனம் என்ற ஒன்று இயல்பு அமைப்பில் அதற்குத் தெரியாது. கோதையாறு கால்வாயில் தண்ணீர் திறந்து ஏலா முழுக்க நீர் நின்றாலும் மாதிரியில் மழை பெய்யாவிட்டால் அது காய்ந்த நிலம்.

## நோவா-எம்பி

2011-ல் வெளியான ஆய்வுகளோடு வந்தது. ஒரே திட்டத்துக்குள் பல தெரிவுகள்: இலை வளர்ச்சி, இலைத்துளை, நீரோட்டம், நிலத்தடி நீர், கதிர்வீச்சு என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி. இலைக்கூரைக்கும் தரைக்கும் தனித்தனி வெப்பநிலை. புதியது என்பதற்காகவே பலர் நேராக இதற்குத் தாவுகிறார்கள். அதன் பெருமைகளில் பாதி பனிப்பொழிவையும் உறைந்த மண்ணையும் பற்றியது. மகேந்திரகிரி உச்சிக்குக்கூட அந்தப் பாதி தேவைப்படாது.

மீதிப் பாதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. இயல்பு அமைப்பில் இலைப்பரப்பு எண்ணை (தரையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு இலை) நோவா-எம்பி தன் அட்டவணையிலிருந்து மாதவாரியாக எடுக்கிறது. அந்த அட்டவணையின் ஜனவரி வரியில் வயல் வகைக்கு எழுதியிருப்பது 0. பசுமைமாறா அகலிலைக் காட்டுக்குப் பன்னிரண்டு மாதமும் 4.5. இப்போது ஜனவரியில் நம் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெற்பயிர் நிற்கிறது, மாதிரிக்கு அது வெறும் தரை. மேற்கே ரப்பர் தழை உதிர்த்து, தோட்டத்துக்குள் வெயில் தரைவரை விழுகிறது, மாதிரிக்கு அது அடர்காடு. வயலில் ஆவியாவதைக் குறைத்தும் தோட்டத்தில் ஆவியாவதைக் கூட்டியும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் தப்பு. குளிர்நாட்டுப் பயிர்க் காலண்டர் அது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

நோவா இயல்பு அமைப்பிலேயே செயற்கைக்கோளின் மாதாந்திரப் பசுமைச் சராசரியை ஒட்டிப் போவதால் இந்தக் குழியில் முழுதாக விழாது. நோவா-எம்பியில் இதைத் தவிர்க்க, இலைத் தெரிவை இயல்பான 4-லிருந்து 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். மூன்றுமே வெளியிலிருந்து வரும் இலைப்பரப்பைப் படிப்பவை. அந்தத் தரவு ஜியோகிரிட் கோப்பிலேயே மாதவாரியாக இருக்கிறது. ஒரே ஓர் எண் மாற்றம். இதைச் செய்யாமல் இரண்டு திட்டங்களையும் ஒப்பிட்டு, நோவா-எம்பி நமக்குச் சரிவராது என்று முடிவு கட்டுவதும் தப்பு, சரிவரும் என்று கட்டுவதும் தப்பு.

இரண்டாவது மறைசெலவு நிலத்தடி நீர். அந்தத் தெரிவை இயக்கியதும் கடலோரச் சமவெளியில் நீர்மட்டம் மண்ணை நனைக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் தினமும் புதிதாகத் தொடங்கும் ஓட்டத்தில் நீர்மட்டமும் நிலத்தடி இருப்பும் இயல்பு மதிப்பிலிருந்தே கிளம்பும். 48 மணி நேரத்துக்குள் அது உண்மை நிலைக்கு வந்து சேராது. மாதக்கணக்கில், ஆழத்துக்கு வருடக்கணக்கிலும், முன்னோட்டம் ஓட்டினால்தான் அந்தத் தெரிவுக்கு அர்த்தம்.

பாசனத் தெரிவு புதிய பதிப்புகளில் உண்டு. தெளிப்பு, சொட்டு, வெள்ளப் பாய்ச்சல் மூன்றையும் கொடுக்கலாம். ஆனால் எஞ்சியிருக்கும் வயல்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. 3 கி.மீ. கட்டத்தில் பெரும்பாலானவை தென்னைக்குள் கரைந்துபோகும். 1 கி.மீ.க்கு இறங்கினால் அதே பரப்புக்குக் கணக்கு 27 மடங்கு: புள்ளிகள் 9 மடங்கு, காலப்படி 3 மடங்கு.

## தொடக்க ஈரம்: மேலே உள்ள எல்லாவற்றையும் கவிழ்ப்பது

ஒரே நோவாவை இரண்டு வெவ்வேறு தொடக்க ஈரத்தோடு ஓட்டிப் பாருங்கள். ஏப்ரல் பிற்பகலில் அந்த இரண்டுக்கும் வரும் வித்தியாசம், நோவாவுக்கும் நோவா-எம்பிக்கும் இடையே வருவதைவிடப் பெரிதாக இருக்கலாம். மூன்று வழிகள் உண்டு.

உலக மாதிரியின் ஈரத்தைத் தினமும் எடுப்பது எளிது. ஆனால் கீரிப்பாறைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் ஏறத்தாழ ஒரே ஈரம் வரும். முதலாவது நனைந்த காடு, இரண்டாவது மழைமறைவுக் காற்று வெளி.

நேற்றைய ஓட்டத்தின் 24-வது மணி மண் ஈரத்தையும் மண் வெப்பநிலையையும் எடுத்து இன்றைய தொடக்கக் கோப்பில் வைப்பது இரண்டாவது வழி. செலவு ஒரு சிறு நிரல். மூன்று நான்கு வாரத்தில் மேலடுக்குகளில் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடு வந்துவிடும். ஆபத்து, மாதிரி பொய்யாக 10 செ.மீ. பெய்தால் அந்தப் பொய்யும் மண்ணில் சேமிப்பாகும். மாதம் ஒருமுறை மழைமானிப் பதிவோடு கூட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் உலக மாதிரி ஈரத்துக்கே திரும்பி மறுபடி தொடங்க வேண்டும்.

எச்.ஆர்.எல்.டி.ஏ.எஸ். என்ற தனி நில மாதிரியை ஓட்டி ஈரம் தயாரிப்பது மூன்றாவது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் இரு கூறுகள், அழுத்தம், இரு கதிர்வீச்சு, மழை என எட்டு உள்ளீடுகள் குறைந்தது ஓராண்டுக்கு வேண்டும். நோவா-எம்பியின் நிலத்தடி நீரைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இதைத் தவிர நேர்மையான வழி இல்லை.

செயற்கைக்கோள் ஈரத்தை நேராக வைத்துவிடலாமே என்றால், நாசாவின் ஸ்மேப் செயற்கைக்கோள் அளப்பது மேல் 5 செ.மீ. மட்டும். அதன் பார்வைவட்டம் ஏறத்தாழ 40 கி.மீ. நம் மாவட்டத்தில் பெரும்பாலான இடங்களில் அந்த வட்டத்துக்குள் கடல் வந்துவிடும்.

## எந்த வேலைக்கு எது

கோடை இடிமழை, கடற்காற்று நேரம், பிற்பகல் வெப்பம் (மார்ச் முதல் மே வரை): நிலம் அதிகம் பேசும் காலம் இது. நிலப்படம் திருத்திய நோவா, நேற்றைய ஈரத் தொடர்ச்சியோடு. தனியாளுக்கு எங்கள் பரிந்துரை இதுவே.

ஜூன், ஜூலை மழை: பலத்த மேற்குக் காற்று மலையில் மோதிப் பெய்வது. மலை உயரம், மேகத் திட்டம், எல்லைத் தரவு மூன்றும் சரியாக இருந்தால் நிலத்திட்டம் எதுவானாலும் பெரிய பேதமில்லை. மண் ஈரம் மழையை ஆளும் இடங்களில் இந்தியாவையும் காட்டிய 2004-ன் கிளேஸ் ஆய்வை இதற்கு எதிராக நீட்டுவார்கள். அது அகன்ற கட்டங்களில் பருவ அளவில் பார்த்தது. திற்பரப்பின் நாளைய மழைக்கு அதைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலை: முதலில் கட்டத்தை 1 கி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கணவாயே தெரியாத மாதிரியில் மண்ணைத் திருத்தி என்ன? பிறகு சொரசொரப்பு.

அணை நீர்வரத்து, வறட்சி, ஆய்வேடு: நோவா-எம்பி, முன்னோட்டத்தோடு. இரண்டு மூன்று மாத ஆயத்தத்துக்கு நேரம் இருந்தால் மட்டும்.

ஆர்.யு.சி., சி.எல்.எம்.4, பிளைம்-ஷியூ ஆகிய நிலத்திட்டங்களும் பட்டியலில் இருக்கின்றன. ஒன்றுக்கு மாறினால் மண் அடுக்கு எண்ணிக்கையையும் மாற்ற மறக்காதீர்கள்: ஆர்.யு.சி.க்கு 6 அல்லது 9, சி.எல்.எம்.முக்கு 10, பிளைம்-ஷியூவுக்கு 2. தொடங்குகிறவர்களுக்கு மூன்றும் தேவையில்லை.

## ஒப்பிடும்போது கவனிக்க

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிலத்திட்டத்தோடு எல்லைப்படலத் திட்டத்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல நாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். காற்று ஓய்ந்த கோடை நாள், தென்மேற்கு, வடகிழக்கு என ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நாளாவது எடுங்கள். முதல் ஆறு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள், மாதிரி அப்போது நிலைகொண்டிருக்காது. இடிமழை இருந்த இடத்தைத் திருவனந்தபுரம் ரேடார் படத்தோடு பாருங்கள். கட்டத்துக்குக் கட்டம் பொருத்த வேண்டாம், 10 கி.மீ. தொலைவுக்குள் இருந்தால் ஒத்துக்கொள்ளலாம்.

மழையளவுக்கு ஒரு சிக்கல். மயிலாடியிலும் சுருளகோட்டிலும் மழைமானியைப் படிப்பது காலை 8.30-க்கு. அது உலக நேரம் 3 மணி. மாதிரி மழையை உலக நேர நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்குக் கூட்டினால், நம் காலை 5.30 முதல் 8.30 வரை பெய்தது அடுத்த நாள் கணக்கில் போய்விடும். காலையில் மழை பெய்த நாள்களில் நல்ல ஓட்டம்கூட இதனால் தோற்றதாகக் காட்டும். மூன்று மணியிலிருந்து மூன்று மணிக்குக் கூட்டுங்கள்.